கையெழுத்திட்டவர் யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ‘பெண்களும் அமைதியும் பாதுகாப்பும்’ என்னும் தலைப்பில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த அரங்கில் நான் அமரும் நாற்காலி வேறு. கையில் அட்டைகளை வைத்துக்கொண்டு, “நேரம் ஆகிவிட்டது ஐயா, சுருக்கமாக முடியுங்கள்” என்று மற்றவர்களை விரட்டுவதுதான் என் வேலை. இன்று அந்த அட்டைகள் வேறொருவர் கையில் இருக்கின்றன. அவர் என்னைப் பழிவாங்காமல் விட வேண்டும்.

தலைப்பைக் கேட்டதும் சிலர் முகத்தில் ஒரு புன்னகை வந்ததைப் பார்த்தேன். பெண் என்றால் பொறுமை, தாய் என்றால் கருணை, ஆகவே பெண்கள் வந்தால் போர் நின்றுவிடும் என்று பேசிவிட்டுப் போவேன் என நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அப்படிப் பேச எனக்கு விருப்பமில்லை. நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

2014ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி. தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, ஒரு செய்திப் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அது எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 8ஆம் நாள் 239 பேருடன் எம்எச்370 விமானம் காணாமற்போனது. 24ஆம் நாள் இரவு, அதன் பயணம் இந்தியப் பெருங்கடலில் முடிந்துவிட்டதாக அப்போதைய பிரதமர் அறிவித்தார். எங்கள் செய்தி அறையில் வேறு எதற்கும் இடமில்லை. இடம் கேட்கவும் யாருக்கும் மனமில்லை.

27ஆம் நாள் என் மேசைக்கு ஒரு வெளிநாட்டுச் செய்தி வந்தது. “இருபத்தைந்து விநாடி. அதற்கு மேல் வேண்டாம்மா” என்றார் மூத்த ஆசிரியர். மணிலாவில் பிலிப்பைன்ஸ் அரசும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியும் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டன என்பதுதான் செய்தி. நான் மொழிபெயர்த்தேன். ‘அரசுக் குழுவின் தலைவர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்’ என்று எழுதினேன். பெயர் நீளமாக இருந்தது, வாசிப்பவர் தடுமாறுவார் என்று அதை நானே எடுத்துவிட்டேன். செய்தி போயிற்று. நானும் மறந்துவிட்டேன்.

சில ஆண்டுகள் கழித்து வேறொரு நிகழ்ச்சிக்காகப் பழைய படங்களைத் தேடியபோதுதான் அந்தத் தலைவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒரு பெண். மிரியம் கொரோனல் ஃபெரர், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் அரசியல் துறைப் பேராசிரியர். ஓர் ஆயுதக் குழுவுடன் செய்துகொண்ட பெரிய அமைதி உடன்படிக்கையில் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்ட உலகின் முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். அந்தச் செய்தியைத் தமிழில் எழுத உட்கார்ந்த நானும் ஒரு பெண். எனக்கே அது தெரியவில்லை.

நம் மொழி மரியாதை தெரிந்த மொழி. தலைவர், அமைச்சர், பேராசிரியர், கையெழுத்திட்டார் என்று எழுதினால் ஆணா பெண்ணா என்று தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ‘கையெழுத்திட்டாள்’ என்று எழுதச் சொல்கிறேன் என்றும் எண்ணாதீர்கள். ஆனால் பெயரையும் எடுத்துவிட்டால், கேட்பவர் மனத்தில் அந்த நாற்காலியில் தானாகவே ஓர் ஆண் வந்து உட்கார்ந்துவிடுகிறார். என் மனத்தில் அப்படித்தான் உட்கார்ந்தார்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்தப் பேச்சுவார்த்தை எங்கே நடந்தது தெரியுமா? இங்கே, கோலாலம்பூரில். 2001 முதல் மலேசியாதான் நடுவில் நின்று இரு தரப்பையும் பேச வைத்தது. நாம் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த அதே நகரத்தின் ஹோட்டல் அறைகளில், பக்கத்து நாட்டின் நாற்பது ஆண்டுப் போரை நிறுத்தும் வேலை சுற்றுச் சுற்றாக நடந்தது. அந்தப் போரில் ஒரு இலட்சத்து இருபதாயிரம் பேர் மாண்டதாகப் பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். அது நமக்குச் சம்பந்தமில்லாத போரும் அன்று. எழுபதுகளில் அங்கிருந்து ஓடி வந்தவர்கள் கரையேறிய இடம் நம் சபா. 2013 பிப்ரவரியில் லஹாட் டத்துவில் தென் பிலிப்பைன்ஸிலிருந்து ஆயுதமேந்திய கூட்டம் ஒன்று இறங்கியதும், நம் காவல் துறையினரும் இராணுவ வீரர்களுமாகப் பத்துப் பேர் உயிரிழந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கடலுக்கு அக்கரையில் அமைதி இருந்தால்தான் இக்கரையில் தூக்கம் வரும்.

இந்தப் பேச்சுவார்த்தைக்கு ஒரு முன்கதை இருக்கிறது. அது தெரியாவிட்டால், பெண்கள் அந்த அறைக்குள் வந்ததனால் என்ன மாறியது என்பது புரியாது.

2008ஆம் ஆண்டிலேயே ஓர் ஒப்பந்தம் தயாராகிவிட்டது. மோரோ மக்களின் பூர்வீக நிலம் எது என்பதை வரையறுக்கும் ஒப்பந்தம். ஆகஸ்டு 5ஆம் நாள் கோலாலம்பூரில் கையெழுத்து. பேராளர்கள் வந்து இறங்கிவிட்டார்கள், வெளிநாட்டுத் தூதர்களுக்கும் அழைப்புப் போய்விட்டது. கல்யாண மண்டபத்தில் பந்தல் போட்டு, விருந்தினர் வந்து உட்கார்ந்தபின் கல்யாணம் நின்ற கதைதான். முதல் நாள், ஆகஸ்டு 4ஆம் நாள், பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அக்டோபரில் 8க்கு 7 என்ற பெரும்பான்மையில் அந்த ஒப்பந்தம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் சொன்ன காரணங்களில் முக்கியமான ஒன்று, சம்பந்தப்பட்ட மக்களைக் கலந்து பேசவில்லை என்பது. அந்த மண்ணில் வாழ்பவர்களுக்கே காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

நீதிமன்றத்தில் நின்றது ஒப்பந்தம். மிண்டானாவில் மீண்டும் தொடங்கியது போர். சினம் கொண்ட சில தளபதிகள் கிராமங்களைத் தாக்கினார்கள், இராணுவம் திருப்பித் தாக்கியது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து ஓடினார்கள். பள்ளிக்கூடங்களிலும் சாலையோரங்களிலும் கூடாரம் போட்டு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அறைக்குள் யாரைக் கேட்காமல் எழுதினார்களோ அவர்கள்தான்.

2010இல் புதிய அரசு அமைத்த பேச்சுக் குழுவில் ஃபெரர் ஓர் உறுப்பினராகச் சேர்ந்தார். 2012 அக்டோபரில் சட்டக வரைவு உடன்படிக்கை கையெழுத்தானது. குழுத் தலைவராக இருந்த மார்விக் லியோனன் உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டதும், அந்த ஆண்டு டிசம்பரில் தலைமை ஃபெரரிடம் வந்தது. குழுவில் யாஸ்மின் புஸ்ரான் லாவ் என்ற முஸ்லிம் பெண்மணியும் இருந்தார். சட்டப் பிரிவிலும் செயலகத்திலும் பெண்கள் இருந்தார்கள். அதிபரின் அமைதி ஆலோசகராக இருந்தவர் டெரசிடா குயின்டோஸ் டெலெஸ், அவரும் பெண். எதிரே மொஹாகர் இக்பால் தலைமையில் வந்த முன்னணிக் குழு முழுக்க ஆண்கள். அவர்களும் போகப் போக ராய்சா ஜஜூரி என்ற பெண் வழக்கறிஞரை ஆலோசகர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு 2019இல் அமைந்த தன்னாட்சி அரசில் அவர் சமூக நல அமைச்சரானார்.

சரி, இவர்கள் இருந்ததால் என்ன வந்தது? காகிதத்தைப் பாருங்கள். 2012 வரைவிலேயே, பெண்கள் அரசியலில் பொருளுள்ள வகையில் பங்கேற்கும் உரிமையும், எல்லா வகை வன்முறையிலிருந்தும் பாதுகாப்பும் அடிப்படை உரிமைகளில் சேர்க்கப்பட்டன. ‘பொருளுள்ள’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வெறும் ‘பங்கேற்பு’ என்று எழுதியிருந்தால், மேடையில் மாலை போடவும் குத்துவிளக்கு ஏற்றவும் கூப்பிடுவதுகூடப் பங்கேற்புதானே! நம் ஊர்ச் சங்கங்களில் எத்தனை மகளிர் பிரிவுகள் அந்த அளவில் நிற்கின்றன என்று நான் சொல்ல வேண்டாம். 2013 ஜூலையில் கோலாலம்பூரில் கையெழுத்தான வருவாய்ப் பங்கீட்டு இணைப்பில், அந்த வட்டாரத்துக்கு வரும் வளர்ச்சி உதவி நிதியில் குறைந்தது 5 விழுக்காட்டைப் பெண்களுக்கான திட்டங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதினார்கள். நான் பணக் கணக்கில் கெட்டிக்காரி அல்ல. ஆனாலும் உரிமை என்று எழுதுவதைவிட விழுக்காடு என்று எழுதுவது பலமானது என்பது எனக்குப் புரிகிறது. உரிமையைக் கேட்டுப் போனால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். ஐந்து விழுக்காட்டைக் கேட்டுப் போனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டியாக வேண்டும்.

போராளிகள் ஆயுதம் கீழே வைக்கும் விஷயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான இணைப்பு 2014 ஜனவரி 25ஆம் நாள் இங்கேதான் கையெழுத்தானது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் போர் முடிந்தபோது, துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைத்தால்தான் மறுவாழ்வு உதவி என்று விதி வைத்தார்கள். பாளையங்களில் ஆண்டுக்கணக்கில் சமைத்தவள், காயத்துக்குக் கட்டுப் போட்டவள், கடத்திக்கொண்டு போகப்பட்ட சிறுமி, இவர்கள் கையில் துப்பாக்கி ஏது? பட்டியலில் அவர்கள் பெயர் விழவில்லை. விதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். ‘போராளி’ என்று எழுதும்போது அவர்கள் கண்ணுக்கு ஓர் ஆண் மட்டுமே தெரிந்தார். நான் ‘தலைவர்’ என்று எழுதியபோது எனக்குத் தெரிந்தது போலத்தான். மோரோ முன்னணிக்கும் ஒரு பெண்கள் துணைப் படை உண்டு. அங்கும் இதே கேள்வி எழத்தான் செய்தது. கேள்வியை எழுப்ப அறையில் ஆள் இருக்க வேண்டும்.

மிண்டானாவில் பெண்கள் சமாதானம் பேசுவது புதிதும் அல்ல. அங்கே குடும்பங்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாக வரும் பழிக்குப் பழிப் பகையை ‘ரிடோ’ என்பார்கள். ஒரு கொலை, பதிலுக்கு ஒரு கொலை. ஆனால் பகை எவ்வளவு முற்றினாலும் பெண்ணைத் தாக்கக்கூடாது என்பது வழக்கம். அதனால் ஆண்கள் வீட்டை விட்டு வெளியே வர முடியாத நாள்களிலும் பெண்கள் இரு வீட்டுக்கும் போய் வந்து தூது பேசுவார்கள். ஊர்ப் பகையில் தூது போகிறவளை நாட்டுப் பகையில் மட்டும் வாசலில் நிறுத்திவிடுகிறோம்.

ஃபெரர் தலைமை தாங்கியதும் எல்லாம் சுபம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2015 ஜனவரி 25ஆம் நாள் மமாசபானோ என்ற ஊரில் ஒரு தீவிரவாதியைப் பிடிக்கப் போன சிறப்புக் காவல் படையினர் 44 பேர் கொல்லப்பட்டார்கள். முன்னணியின் வீரர்களும் பொதுமக்களும்கூட மாண்டார்கள். நாடே கொதித்தது. ‘எதிரிக்கு விலைபோனவர்’ என்ற ரீதியில் ஃபெரரை ஏசினார்கள். அவர் நாடாளுமன்ற விசாரணைகளில் உட்கார்ந்து பதில் சொன்னார். உடன்படிக்கையைச் சட்டமாக்கும் மசோதா அந்த ஆட்சியில் நிறைவேறவேயில்லை. 2018 ஜூலையில் அடுத்த அதிபரின் கையெழுத்தில்தான் சட்டம் வந்தது. 2019இல் பொது வாக்கெடுப்பு நடந்து பங்சாமோரோ தன்னாட்சி வட்டாரம் பிறந்தது. நம் நாட்டின் தலைமையில் 2004 முதல் அங்கே இருந்த அனைத்துலகக் கண்காணிப்புக் குழு 2022இல் திரும்பியது. 2022இல் நடக்க வேண்டிய முதல் வட்டார நாடாளுமன்றத் தேர்தல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போடப்பட்டது. இடைக்கால முதலமைச்சர் பதவியில் அமர்ந்தவர்களும் ஆண்களே. ஆக, எழுதியது எல்லாம் நடந்துவிடவில்லை. ஆனால் 2008இல் போலக் கையெழுத்துக்கு முதல் நாள் கலைந்தும் போகவில்லை. ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் போய் மக்களிடம் பேசியிருந்தார்கள். மசோதா முடங்கிய ஆண்டுகளிலும் இரு தரப்பும் முழுப் போருக்குத் திரும்பவில்லை.

ஃபெரருக்கு 2023இல் மகசேசே விருது கிடைத்தது. அதே ஆண்டு அந்த விருதைப் பெற்ற இன்னொருவர், அசாமில் ஏழைகளுக்குப் புற்றுநோய் சிகிச்சை அளிக்கும் சென்னைக்காரர் டாக்டர் ரவி கண்ணன். அவர் பெயர் இங்கே பலருக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டிய பெயர்தான். அதே மேடையில் நின்ற இந்த அம்மையாரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பாதுகாப்பு மன்றம் இந்த விஷயத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி வெகுநாளாகிறது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் நிறைவேறிய 1325ஆம் எண் தீர்மானம். போரைத் தடுப்பதிலும் நிறுத்துவதிலும் அமைதியைக் கட்டுவதிலும் எல்லா நிலைகளிலும் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது அது. நடப்பு என்ன? 1992 முதல் 2019 வரை உலகின் பெரிய பேச்சுவார்த்தைகளில் பேச்சாளர்களில் பெண்கள் 13 விழுக்காடு, நடுவர்களில் 6 விழுக்காடு, கையெழுத்திட்டவர்களில் 6 விழுக்காடு. இது போன்ற மேடைகளில் இன்னொரு கணக்கும் அடிக்கடி வரும். பெண்கள் பங்கேற்றால் உடன்படிக்கை 15 ஆண்டுகள் நீடிக்கும் வாய்ப்பு 35 விழுக்காடு கூடுமாம். அதை நான் அதிகம் நம்பிப் பேசுவதில்லை. பெண்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கைகளே மிகக் குறைவாக இருக்கும்போது அவற்றை வைத்துப் போடும் கணக்கு எவ்வளவு உறுதியாக இருக்கும்? மேலும், பலன் உண்டு என்று நிரூபித்தால்தான் உள்ளே விடுவோம் என்று ஆண்களிடம் யாரும் கேட்டதில்லையே.

உள்ளே விடாதபோது என்ன செய்வது? அதற்கு லைபீரியா அம்மாக்களிடம் ஒரு பதில் இருக்கிறது. 2003இல் அந்த மேற்கு ஆப்பிரிக்க நாட்டில், லேமா போவீ என்ற பெண்மணி கிறிஸ்துவப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒன்றுசேர்த்தார். எல்லாரும் வெள்ளைச் சட்டை அணிந்து, தலைநகர் மன்ரோவியாவில் மீன் சந்தைக்குப் பக்கத்துத் திடலில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். ஜூன் மாதம் கானாவின் அக்ராவில் பேச்சுவார்த்தை தொடங்கியது. நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருக்க, பேச வந்தவர்கள் பதவிகளைப் பங்குபோட்டபடி வாரக்கணக்கில் இழுத்தார்கள். ஜூலையில் ஒருநாள் பெண்கள் மண்டபத்துக்குள் போய்க் கதவுக்கு வெளியே கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். முடிவு வராமல் யாரும் வெளியே போக முடியாது. காவலர்கள் கைது செய்ய வந்தபோது, போவீ தம் ஆடையைக் களைந்துவிடுவேன் என்றார். தாய் வயதுப் பெண் அப்படிச் செய்தால் பார்த்தவனுக்குச் சாபம் என்பது அங்குள்ள நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். நடுவராக இருந்த நைஜீரிய ஜெனரல் அப்துல்சலாமி அபுபக்கர் வெளியே வந்து அவர்களிடம் பேசினார். ஆகஸ்டு 18ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தானது. 2005 தேர்தலில் எல்லன் ஜான்சன் சர்லீஃப் வென்று ஆப்பிரிக்காவில் தேர்தல் மூலம் வந்த முதல் பெண் அதிபரானார். 2011இல் அவருக்கும் போவீக்கும் ஏமனின் தவக்குல் கர்மானுக்கும் சேர்த்து நொபெல் அமைதிப் பரிசு கிடைத்தது.

அந்த லைபீரியாவுக்கு 2007இல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மட்டுமே கொண்ட காவல் படை ஒன்று போய் இறங்கியது. ஐ.நா. வரலாற்றில் அதுவே முதல் முழுப் பெண்கள் காவல் படை. எங்கிருந்து தெரியுமா? இந்தியாவிலிருந்து. 2016 வரை ஒரு குழு மாற்றி ஒரு குழுவாக அங்கே ரோந்து போனார்கள், அதிபர் அலுவலகத்துக்குக் காவல் நின்றார்கள். நம் நாட்டுப் பெண் வீரர்களும் 2007 முதல் லெபனான் சென்ற மலேசியப் படையில் சேவை செய்திருக்கிறார்கள். சீருடை அணிந்த ஆணிடம் வாய் திறக்காத ஒரு வீட்டுப் பெண், சீருடை அணிந்த பெண்ணிடம் நடந்ததைச் சொல்வாள். பாதுகாப்புப் பணியில் இது சலுகை அல்ல, தேவை.

இனி நான் சொல்லப்போவது நம் மனத்துக்கு மிக நெருக்கமானது. கவனமாகவே சொல்கிறேன்.

பெண்ணைச் சீருடையில் பார்ப்பது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. 1943இல் நேதாஜி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை அமைத்தபோது, மலாயாத் தோட்டப்புறங்களிலிருந்து எத்தனை தமிழ்ப் பெண்கள் சேர்ந்தார்கள்! கேப்டன் லட்சுமிக்கு அடுத்த நிலையில் நின்ற ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், இந்த மண்ணின் மகள். ம.இ.கா.வின் தொடக்க கால உறுப்பினர், மேலவை உறுப்பினர். அவர் மறைந்தது 2014 மே மாதம், நான் அந்த இருபத்தைந்து விநாடிச் செய்தியை எழுதி ஆறு வாரங்களில். ஆகவே, ‘பெண் இயல்பிலேயே மென்மையானவள், அவளுக்குப் போர் தெரியாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலங்கையிலும் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் ஆயுதம் ஏந்தியதை நாம் அறிவோம்.

அங்கே பேச்சுவார்த்தை நடந்த 2002, 2003ஆம் ஆண்டுகளில், பெண்கள் விவகாரங்களுக்கென ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அரசுத் தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள், ஒருங்கிணைக்க நார்வேயிலிருந்து ஒரு பெண்மணி. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். இத்தனை காலம் எதிரெதிரே நின்ற பக்கங்களின் பெண்கள் ஓர் அறையில் உட்கார்ந்து, மீள்குடியேற்றம், பெண்களின் பாதுகாப்பு, பிழைப்பு, அரசியலில் இடம் என்று பேச வேண்டியவற்றை வரிசைப்படுத்தினார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினார்கள். துணைக்குழுவும் அதோடு போயிற்று. பிறகு 2009 மே வரை நடந்ததை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இந்த அரங்கில் இருக்கும் சிலர் உறவுகளை இழந்தவர்கள்.

அந்தக் குழு இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் அது பெரிய மேசைக்குப் பக்கத்தில் போட்ட சின்ன மேசை. பெரிய மேசையிலிருந்து ஆள் எழுந்ததும் சின்ன மேசையைத் தூக்கிப் போய்விட்டார்கள். துப்பாக்கியைப் பெண் கையில் கொடுக்கத் தயங்காதவர்கள், பேனாவைக் கொடுக்க மட்டும் தனி மேசை போட்டார்கள். இதை இரு தரப்புக்கும் பொதுவாகவே சொல்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது என்று அட்டை காட்டுகிறார்கள். இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள், என் வீட்டுக் கதை ஒன்று பாக்கி இருக்கிறது.

என் அம்மா இருப்பது ஒரு மலிவு விலை அடுக்குமாடியில். தொழிற்சாலையில் மாலை நேர வேலை, இரவு பதினொன்றரைக்குத் தொழிற்சாலைப் பேருந்து கொண்டுவந்து விடும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே வழிப்பறி அதிகமானது. குடியிருப்பாளர்கள் கூடிச் சுற்றுக்காவல் அமைத்தார்கள், ருக்குன் தெத்தாங்கா முறையில். 1975 முதல் நம் நாட்டில் இருக்கும் ஏற்பாடுதான். நல்ல மனிதர்கள், தூக்கம் கெட்டு ஊருக்காக உழைத்தார்கள். கூட்டத்தில் பன்னிரண்டு ஆண்கள். தேநீர் கொண்டுபோய் வைக்க அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும். எங்கே விளக்குப் போடுவது, எங்கே ஆள் நிற்பது என்று முடிவு செய்தார்கள். காடி நிறுத்துமிடத்தில் இரண்டு விளக்கு, வாசலில் ஒன்று. காடியும் மோட்டார் சைக்கிளும் திருடு போகக் கூடாதல்லவா!

பேருந்து நிறுத்தத்திலிருந்து பின்பக்கப் படிக்கட்டு வரை இருட்டு. அந்த வழியாகத்தான் இரவு வேலை முடிந்த பெண்கள் அத்தனை பேரும் நடக்கிறார்கள். அம்மாவின் கைப்பை பறிபோனது அந்தப் படிக்கட்டில்தான். விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. மருத்துவமனைக்குப் பார்க்க வந்த குழுத் தலைவர் உண்மையாகவே வருந்தினார். “அக்கா, அங்க இருட்டா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். “நீங்க கேக்கலையே தம்பி” என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் தனக்குப் பேச இடம் உண்டு என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதே ஆண்டு இதே போன்ற ஓர் அரங்கில் ‘குடியிருப்புப் பாதுகாப்பு’ பற்றி ஒரு கலந்துரையாடல் நடத்தினேன். விருந்தினர் பட்டியலை நான்தான் தயாரித்தேன். நான்கு பேர், நால்வரும் ஆண்கள். ஓய்வுபெற்ற அதிகாரி, வழக்கறிஞர், சங்கத் தலைவர், பாதுகாப்பு நிறுவன மேலாளர். ஒரு மணி நேரம் பேசினோம். பேருந்து நிறுத்தம் என்ற சொல்லே வரவில்லை. ஒரு பெண்ணைக் கூப்பிட வேண்டாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை. அம்மா அந்த நிகழ்ச்சியை வீட்டில் கையில் கட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தச் சுற்றுக்காவல் குழுவில் நான்கு பெண்கள் இருக்கிறார்கள். அம்மாவும் ஒருவர். பின்பக்கப் படிக்கட்டில் விளக்குப் போட நகராண்மைக் கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் முதல் கையெழுத்து அவருடையது. ஏழு மாதம் இழுத்தடித்து ஒரு விளக்கு வந்தது, இரண்டு கேட்டிருந்தார்கள். இரண்டாவதுக்கு மறுபடியும் எழுதியிருக்கிறார்கள். போன கூட்டத்தில் செயலாளர் பழக்கதோஷத்தில் அம்மாவைப் பார்த்து, “அக்கா, தண்ணி கலக்கிடுறீங்களா?” என்று கேட்டாராம். “குறிப்பு எழுதிக்கிட்டு இருக்கேன் தம்பி, இன்னிக்கு நீங்க கலக்குங்க” என்றாராம் அம்மா. சீனி கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் பிறகு தொலைபேசியில் சொன்னார்.